படம் நமக்காகக் காத்திருக்கட்டும்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டம் முடிந்தபின், கம்யூனிட்டி ஹாலில் நம் குடியிருப்பாளர் ஒருவர் ஆற்றிய உரை. மின்னிதழுக்காகச் சற்றே சுருக்கப்பட்டுள்ளது.)



மெயின்டனன்ஸ் கணக்கு, லாரித் தண்ணீர், விசிட்டர் பார்க்கிங் எல்லாவற்றையும் பேசி முடித்து, டீயும் போண்டாவும் ஆன பிறகு, ஒருவரை எழுப்பிப் பேசச் சொல்வது அவருக்குக் கொடுக்கும் தண்டனையா, உங்களுக்குக் கொடுக்கும் தண்டனையா என்று தெரியவில்லை. செயலாளர் அரை மணி நேரம் கொடுத்திருக்கிறார். அதற்குள் முடித்துவிடுகிறேன்.

லிஃப்டில் என்னையும் என் கறுப்புப் பெட்டியையும் பார்த்தவர்கள் பலவிதமாகக் கேட்டிருக்கிறீர்கள். "டிஜேவா சார்?" "எல்இடி வால் வாடகைக்கு விடுறீங்களா?" நம் செக்யூரிட்டி அண்ணன் ராத்திரி இரண்டு மணிக்கு நான் திரும்பி வரும்போது ரிஜிஸ்டரில் "மியூசிக் பார்ட்டி" என்று எழுதிக்கொள்கிறார். ஒரு விதத்தில் சரிதான். மேடையில் ஒருவர் பாடும்போதோ ஆடும்போதோ அவருக்குப் பின்னால் திரையில் படங்கள் ஓடுகின்றன அல்லவா? அந்தப் படங்களை அந்த நேரத்திலேயே, அந்தப் பாட்டுக்கும் ஆட்டத்துக்கும் ஏற்றபடி, கம்ப்யூட்டரில் உருவாக்கிக் காட்டுவதுதான் என் வேலை. முன்பே தயாரித்த வீடியோவைப் போடுவது வேறு, இது வேறு. அந்த வேறுபாட்டைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

அதற்குக் காரணம், நம் ஆண்டு விழாவில் நடந்த ஒரு விஷயம். சம்பந்தப்பட்ட குழந்தையின் அப்பா அம்மாவிடம் அனுமதி கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன்.

அன்று என்ன நடந்தது

போன ஆண்டு விழாவில் மழையைப் பற்றிய ஒரு பாட்டுக்கு நம் குடியிருப்புச் சிறுமி ஒருத்தி பரதநாட்டியம் ஆடினாள். பதினொரு வயது. ரெக்கார்டு பாட்டு இல்லை. பி பிளாக்கைச் சேர்ந்த இரண்டு பேர் நேரில் பாடினார்கள், மிருதங்கமும் நேரில். பின்னால் ஓட ஒரு வீடியோ வேண்டும் என்று கேட்டார்கள். வானம் கறுக்கும், மின்னல் வெட்டும், மழை கொட்டும், பிறகு மயில் தோகை விரிக்கும். நான்தான் செய்து கொடுத்தேன். ஒத்திகையில் பாட்டு நான்கு நிமிடம் இருபது விநாடி வந்தது. வீடியோவையும் அதே நீளத்துக்குச் செய்தேன். கச்சிதமாகப் பொருந்தியது.

விழா அன்று கூட்டத்தைப் பார்த்ததும் பாடியவர்களுக்கு உற்சாகம் வந்துவிட்டது. ஒரு வரியைக் கூடுதலாக இரண்டு முறை பாடினார்கள். காலப்பிரமாணமும் ஒத்திகையைவிடக் கொஞ்சம் நிதானமாக இருந்தது. அதில் தவறே இல்லை, நேரில் பாடுவதன் அழகே அதுதான். ஆனால் என் வீடியோ நிற்கவில்லை. குழந்தை கையை உயர்த்தி மழையை வரச்சொல்லி அழைக்கும்போது திரையில் மழை பெய்து ஓய்ந்துவிட்டது. அவள் மேகத்தைக் காட்டும்போது பின்னால் மயில் ஆடிக்கொண்டிருந்தது. யாரோ சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தில் இல்லை, பார்க்க வேடிக்கையாகத்தான் இருந்தது. அவள் என்ன நடக்கிறது என்று இரண்டு முறை திரும்பிப் பார்த்தாள். அடவு தவறியது. பாதியில் நின்று, மறுபடி பிடித்து, எப்படியோ முடித்தாள்.

அன்று லேப்டாப் முன்னால் உட்கார்ந்து பிளே பட்டனை அழுத்தியவன் நான். அவள் தவறு ஒன்றும் இல்லை. பாடியவர்கள் தவறும் இல்லை. இருபது வருடமாக இந்தத் தொழிலில் இருப்பவன், நேரில் பாடும் பாட்டுக்கு நீளம் குறித்த வீடியோவைக் கொடுத்தது என் தவறு. சின்ன நிகழ்ச்சிதானே என்று எளிய வழியில் போய்விட்டேன்.

ஒரு வாரம் கழித்துப் பார்க்கில் அவளைப் பார்த்தேன். "இனிமே மேடையில ஆட மாட்டேன் அங்கிள்" என்றாள். பிறகு கேட்டாள்: "அந்த மழை எனக்காகக் கொஞ்சம் நிக்காதா?"

நிற்கும். நிற்க வைக்க முடியும். அதைச் செய்வதுதான் என் தொழிலே. அதை ஏன் அன்று செய்யவில்லை என்று அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால் உங்கள் எல்லோரிடமும் சொல்கிறேன்.

பெரிய கச்சேரிகளில் எப்படிச் சமாளிக்கிறார்கள்?

நேரு ஸ்டேடியத்திலோ ஒய்எம்சிஏ மைதானத்திலோ நடக்கும் சினிமாப் பாட்டுக் கச்சேரிகளைப் பார்த்திருப்பீர்கள். பாட்டும் படமும் ஒரு நூல் பிசகாமல் போகும். பெரும்பாலும் அதற்குக் காரணம், வாசிப்பவர்களின் காதில் மாட்டியிருக்கும் சிறிய இயர்போன். அதில் "டிக் டிக்" என்று ஒரு தாளச் சத்தம் ஓடிக்கொண்டே இருக்கும். கிளிக் என்பார்கள். அதே கடிகாரத்திலிருந்து டைம்கோட் என்ற சிக்னல் லைட்டுக்கும் வீடியோவுக்கும் போகும். டிரம்மர், பாடகர், விளக்கு, திரை எல்லாம் ஒரே கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டவை. அது நல்ல முறைதான், ஆயிரம் பேர் வேலை செய்யும் இடத்தில் அது வேண்டும்.

ஆனால் நம் வீட்டுப் பெண்கள் பாடும் பாட்டில் கிளிக் கிடையாது. கர்நாடக இசையில் ஒரு சங்கதியை இன்னொரு முறை பாடலாமா என்பது அந்த நிமிடத்து முடிவு. கலைஞர் கடிகாரத்துக்குக் கட்டுப்படாத இடத்தில், கடிகாரம்தான் கலைஞருக்குக் கட்டுப்பட வேண்டும்.

இது புதிய விஷயம் இல்லை

நம் ஊரில் இதை எப்போதோ தெரிந்து வைத்திருந்தார்கள். தோல்பாவைக்கூத்தை நினைத்துப் பாருங்கள். ஒரு வெள்ளைத் துணித்திரை, பின்னால் ஒரு விளக்கு, பதப்படுத்திய ஆட்டுத்தோலில் வெட்டி வண்ணம் தீட்டிய பாவைகள். ராமனும் ராவணனும் அனுமனும் முன்பே தயார். ஆனால் அவர்கள் எப்போது வருவார்கள், எவ்வளவு நேரம் சண்டை போடுவார்கள் என்பது திரைக்குப் பின்னால் இருப்பவரின் கையில். பெரும்பாலும் ஒரே ஆள்தான் எல்லாப் பாத்திரங்களுக்கும் குரல் கொடுத்துக்கொண்டு ஆட்டுவார். கூட்டம் சிரித்தால் கோமாளி இன்னும் இரண்டு வார்த்தை பேசுவான். குழந்தைகள் தூங்க ஆரம்பித்தால் சண்டை சீக்கிரம் வந்துவிடும்.

இதற்கு நேர் எதிரானது எது தெரியுமா? ஆடி மாதத்தில் திருவேற்காடு பக்கம் போனால் வழியெங்கும் சீரியல் செட்டில் அம்மன் உருவம் மின்னும் அல்லவா? பழைய காலத்து செட்டுகளில் ஒரு உருளை சுழன்று ஒவ்வொரு வரிசை பல்புக்கும் மின்சாரம் கொடுக்கும். பார்க்க அழகு. ஆனால் அதன் எதிரில் நாதஸ்வரம் வாசித்தாலும், ஆம்புலன்ஸ் போனாலும், அது தன் போக்கில் சுற்றிக்கொண்டே இருக்கும். அதற்குக் காது இல்லை.

போன ஆண்டு விழாவில் நான் போட்டது சீரியல் செட். போட்டிருக்க வேண்டியது தோல்பாவை. பொருளை முன்பே தயார் செய்யலாம், நேரத்தை மட்டும் மேடையில் ஆடுபவரிடம் விட்டுவிட வேண்டும். இன்று நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மீதி எல்லாம் இதை எப்படிச் செய்வது என்பதே.

கம்ப்யூட்டர் என்ன செய்கிறது?

சினிமாவில் ஒரு விநாடிக்கு 24 படங்கள். அனிமேஷன் படங்களில் ஒரே ஒரு ஃபிரேமைக் கணக்கிட்டு வரையக் கம்ப்யூட்டருக்குப் பல மணி நேரம்கூட ஆகும். அதற்கு அவசரம் இல்லை, படம் அடுத்த வருடம்தான் ரிலீஸ். என் வேலையில் ஒரு விநாடிக்கு 60 படங்கள். அதாவது ஒரு படத்துக்குக் கிடைக்கும் நேரம் சுமார் 16 மில்லி விநாடி. இந்த ஹாலில் இருக்கும் புரொஜெக்டர் 1920-க்கு 1080 புள்ளிகள் கொண்டது. கிட்டத்தட்ட 20 லட்சத்து 73 ஆயிரம் புள்ளிகள். அத்தனைக்கும் விநாடிக்கு 60 முறை நிறம் சொல்ல வேண்டும் என்றால் 12 கோடிக்கு மேல் கணக்கு. வீடியோ கேமுக்காகச் செய்யப்பட்ட கிராஃபிக்ஸ் கார்டு இதைச் செய்துவிடுகிறது, ஏனென்றால் அது புள்ளிகளை ஒவ்வொன்றாகப் போடுவதில்லை. ஆயிரக்கணக்கான புள்ளிகளை ஒரே நேரத்தில் போடுகிறது. உங்கள் பிள்ளைகள் கேம் ஆடும் லேப்டாப்பில் இருப்பதும் அதேதான்.

சரி, வரைந்துவிட்டது. எதைப் பார்த்து வரைவது? அதற்கு மூன்று வழிகள்.

முதலாவது, காது. மைக்கில் வரும் சத்தத்தைக் கம்ப்யூட்டர் கனத்த ஒலி, நடு ஒலி, கீச்சொலி என்று பிரித்துப் பார்க்கும். இதை வேகமாகச் செய்யும் கணக்கு முறையை 1965-இல் கூலி, டூக்கி என்ற இருவர் வெளியிட்டார்கள். இன்று உங்கள் போனில்கூட அது இருக்கிறது. மிருதங்கத்தின் இடது பக்கமான தொப்பி கனமாக ஒலிக்கும், வலந்தலை கூர்மையாக ஒலிக்கும். தொப்பி ஒலிக்கும்போது இடியும், வலந்தலைக்குத் தூறலும் என்று நான் கட்டிவைக்கலாம். வாசிப்பவர் வேகத்தைக் கூட்டினால் மழையும் கூடும்.

இரண்டாவது, கண். 2010-இல் மைக்ரோசாஃப்ட் தன் கேம் பெட்டிக்காக கைனெக்ட் என்ற கேமராவை விற்றது. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புப் புள்ளிகளை அறையில் தூவி, ஆள் எவ்வளவு தூரத்தில் நிற்கிறார் என்று அது கண்டுபிடித்துவிடும். விளையாடியவர்களைவிட மேடைக் கலைஞர்கள்தான் அதைக் கொண்டாடினார்கள். இப்போது சாதாரண வெப்கேமராவே போதும். கூகுளின் மீடியாபைப் என்ற இலவச மென்பொருள் உடம்பில் 33 புள்ளிகளையும் ஒவ்வொரு கையிலும் 21 புள்ளிகளையும் அடையாளம் காண்கிறது. அபிநயதர்ப்பணத்தில் ஒற்றைக்கை முத்திரைகள் 28 என்று நம் நாட்டிய ஆசிரியர்கள் சொல்வார்கள். கையை விரித்ததா, மூடியதா, உயர்த்தியதா என்பது வரை கேமராவுக்குத் தெரியும். அந்தக் கை மழையை அழைக்கிறதா, குழந்தையை அழைக்கிறதா என்பது அதற்குத் தெரியாது. அது பார்க்கும் உங்களுக்குத்தான் தெரியும்.

மூன்றாவது, ஆள். அதாவது நான். என் முன்னால் குமிழ்களும் ஸ்லைடர்களும் உள்ள ஒரு சிறு பலகை இருக்கும். 1983-இல் கீபோர்டுகளை ஒன்றோடொன்று இணைப்பதற்காக வந்த மிடி என்ற முறையில்தான் அது இன்றும் கம்ப்யூட்டரோடு பேசுகிறது. ஒரு ஸ்லைடரைத் தள்ளினால் மழை கூடும், இழுத்தால் நிற்கும். உண்மையைச் சொன்னால், பல நிகழ்ச்சிகளில் இந்த மூன்றாவது வழிதான் காப்பாற்றுகிறது. காதும் கேமராவும் ஏமாறும். என் வீட்டில் ஒத்திகை பார்த்தபோது பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலுக்கெல்லாம் திரையில் மின்னல் வெட்டியது. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் ஒரு லாரி ஹாரன் அடித்தால் புயலே வந்தது. அதைவிட முக்கியமான ஒன்று: பாட்டில் ஒரு இடத்தில் எல்லோரும் நிறுத்தி மௌனமாக இருப்பார்கள். கம்ப்யூட்டருக்கு அது ஒன்றும் நடக்காத நேரம். கேட்பவருக்கு அதுதான் உச்சம். அந்த வித்தியாசம் தெரிந்தவர் ஒருவர் ஸ்லைடரில் கை வைத்திருக்க வேண்டும்.

ஒரு தொழில் ரகசியம்

கேமரா பார்க்க ஒரு நேரம், கம்ப்யூட்டர் கணக்கிட ஒரு நேரம், புரொஜெக்டர் காட்ட ஒரு நேரம். எல்லாம் சேர்ந்து சுலபமாகப் பத்தில் ஒரு விநாடி தாமதம் வந்துவிடும். ஆடுபவரின் உருவத்தை அப்படியே கோடு போட்டுத் திரையில் காட்டினால் அந்தத் தாமதம் பளிச்சென்று தெரியும். திரையில் உள்ள கை, நிஜக் கையைத் துரத்தும். அதற்குப் பதில் மழை, புகை, தண்ணீர் அலை, பூவிதழ் என்று எதையாவது வைத்தால் யாருக்கும் தெரியாது. ஏனென்றால் தண்ணீரில் கையை இழுத்தால் அலை கொஞ்சம் பின்னால்தானே வரும்? தாமதமே இயல்பாகத் தோன்றும். நல்ல காட்சி செய்பவர் பாதி நேரம் இப்படிப் பொருத்தமான பொருளைத் தேடிக்கொண்டிருப்பார்.

ஒலியும் தாமதிக்கும் என்பதை மறக்க வேண்டாம். அது விநாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். நம் புல்வெளியில் மேடையிலிருந்து 30 மீட்டர் தள்ளி உட்கார்ந்தால், பாட்டு உங்களுக்குக் கிட்டத்தட்ட 90 மில்லி விநாடி கழித்துத்தான் வரும். கடைசி வரிசைக்காரர்களுக்குப் படம் பாட்டை முந்துவதுபோல் தோன்றும். முன்வரிசையில் இடம் பிடிக்க இன்னொரு காரணம் கொடுத்துவிட்டேன் என்று நினைக்கிறேன்.

செய்து காட்டியவர்கள்

இதெல்லாம் வெளிநாட்டுச் சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். 2004-இல் ஆஸ்திரியாவைச் சேர்ந்த கிளாவுஸ் ஓபர்மையர் 'அப்பரிஷன்' என்ற நடன நிகழ்ச்சியைச் செய்தார். அகச்சிவப்புக் கேமரா ஆடுபவரின் உருவத்தைப் பிடிக்க, படம் அவர் உடம்பின் மேலேயே விழும். அவர் நகர்ந்தால் படமும் கூடவே நகரும். அடுத்த சில ஆண்டுகளிலேயே பெங்களூரில் ஜெயச்சந்திரன் பாலாழியின் ஆட்டக்களரி நடனக்குழு, ஜெர்மானியக் கலைஞர் கிறிஸ் ஸீக்லரோடு சேர்ந்து 'க்ரோனோடோப்பியா' என்ற படைப்பை மேடையேற்றியது. அதற்கு அடிப்படை எது தெரியுமா? நம் சிலப்பதிகாரம். கண்ணகியின் கதை, ஆடுபவர்களோடு உரையாடும் ஒளியோடும் திரைப் படிமங்களோடும் ஐரோப்பா வரை போனது.

தில்லியில் வாழும் பரதநாட்டியக் கலைஞர் ஜெயலட்சுமி ஈஸ்வர் நம் கலாக்ஷேத்ராவில் பயின்றவர். அவருடைய மகன் அவினாஷ் குமார் நேரடிக் காட்சிக் கலைஞர். இருவரும் சேர்ந்து கணிதமேதை ராமானுஜனின் கனவுகளை வைத்து 'அந்தரிக்ஷ சஞ்சார்' என்ற படைப்பை உருவாக்கி 2018-இல் மேடையேற்றினார்கள். அதே உலகம் ஒரு வீடியோ கேமாகவும் வளர்ந்தது. அம்மா ஆட, மகன் படம் காட்ட, நடுவில் கும்பகோணத்துக் கணக்குக்காரர். எனக்கு மிகவும் பிடித்த கூட்டணி இது.

கம்ப்யூட்டரே இல்லாமலும் நேரடிக் காட்சி உண்டு. 2022 ஜூலை 28 அன்று சென்னையில் 44-ஆவது செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவைப் பலர் டிவியில் பார்த்திருப்பீர்கள். சர்வம் படேல் மணலில் வரைந்து காட்டினார். கீழே வெளிச்சம் உள்ள கண்ணாடி, மேலே ஒரு கேமரா, நடுவில் ஒரு பிடி மணலும் இரண்டு கையும். அரங்கம் முழுவதும் வாயடைத்துப் பார்த்தது, ஏனென்றால் அந்தப் படம் அந்த நிமிடத்தில் பிறந்துகொண்டிருந்தது. 1960-களில் நியூயார்க்கில் ஜோஷுவா லைட் ஷோ என்ற குழு, கண்ணாடித் தட்டில் வண்ண எண்ணெயும் தண்ணீரும் கலந்து ஆட்டி, அதைத் திரையில் பெரிதாகக் காட்டிப் பெரும் ராக் கச்சேரிகளுக்குப் பின்னணி செய்தது. இந்த இரண்டையும் நம் சமையலறைப் பொருட்களை வைத்தே செய்யலாம். அதற்குத்தான் வருகிறேன்.

கவனிக்க வேண்டியவை

முதலில் கண்பார்வையும் வலிப்பும். 1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில் போகிமான் கார்ட்டூனில் சிவப்பும் நீலமும் சில விநாடிகள் மாறி மாறி வேகமாக மின்னின. அறுநூறுக்கும் மேற்பட்டவர்கள், பெரும்பாலும் குழந்தைகள், மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். அதன் பிறகு இணையதளங்களுக்கான அணுகல் விதிகளில்கூட, ஒரு விநாடிக்கு மூன்று முறைக்கு மேல் பளிச்சிடக் கூடாது என்று எழுதிவைத்தார்கள். நம் விழாவில் கைக்குழந்தை முதல் எண்பது வயதுப் பெரியவர் வரை இருக்கிறார்கள். ஸ்ட்ரோப் விளக்கு, வேகமாக மின்னும் திரை இரண்டும் நமக்கு வேண்டாம். யார் எல்இடி கொண்டுவந்தாலும் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இரண்டாவது, முகம். பரதநாட்டியத்தில் அபிநயம் முகத்தில் இருக்கிறது. பின்னால் திரை கண்ணைப் பறித்தால் முன்னால் ஆடும் குழந்தை வெறும் கறுப்பு நிழலாகத் தெரியும். பெற்றோர் போனில் எடுக்கும் வீடியோவில் இன்னும் மோசம். எல்இடி வால் பகல் வெயிலில் தெரிவதற்காகச் செய்யப்பட்டது. ராத்திரியில் அதன் வெளிச்சத்தை நன்றாகக் குறைக்கச் சொல்ல வேண்டும். முகத்துக்குப் பக்கவாட்டிலிருந்து ஒரு விளக்கு தனியாக வேண்டும். திரையின் வெளிச்சம் முகத்தின் வெளிச்சத்தைத் தாண்டக் கூடாது. வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

மூன்றாவது, கரன்ட். போனால் நம் ஜெனரேட்டர் எடுக்கச் சில விநாடிகள் ஆகும். லேப்டாப் பேட்டரியில் ஓடும், ஆனால் புரொஜெக்டர் அணைந்து மறுபடி எரியச் சில நிமிடங்கள் ஆகலாம். ஒரு சிறிய யுபிஎஸ் வைத்தால் போதும். வெளியில் நடத்தினால் எர்த் சரியாக இருக்கிறதா என்று நம் எலக்ட்ரீஷியன் பார்த்த பிறகுதான் மேடையில் யாரும் ஏற வேண்டும்.

இந்த ஆண்டு என்ன செய்யலாம்?

இந்த ஆண்டு விழாவுக்குப் பெரிய எல்இடி வால் எடுக்கலாமா என்று கமிட்டியில் பேச்சு வந்தது. தொழில்காரனாக "எடுங்கள்" என்றுதான் நான் சொல்ல வேண்டும். குடியிருப்பாளனாகச் சொல்கிறேன், வேண்டாம். பொதுக்குழுக் கூட்டத்துக்காக வாங்கிய புரொஜெக்டர் இருக்கிறது. ஹாலை இருட்டாக்கினால் அதுவே தாராளம். புரொஜெக்டரை உயரத்தில் மாட்டினால் ஆடுபவரின் நிழல் திரையில் விழாது. மிச்சமாகும் பணத்தில் இரண்டு நல்ல பக்கவாட்டு விளக்குகளும் ஒரு யுபிஎஸ்ஸும் வாங்கினால் அவை பல வருடம் நம்மிடம் இருக்கும்.

மென்பொருளுக்கும் செலவு இல்லை. ஹைட்ரா என்று ஒன்று, ஒலிவியா ஜாக் என்ற பெண் கலைஞர் உருவாக்கியது. பிரவுசரிலேயே ஓடும். ஒரு வரி எழுதினால் திரையில் வண்ணம் அசையும். எண்ணை மாற்றினால் உடனே மாறும். 2001-இல் கலைஞர்களுக்காகவே செய்யப்பட்ட பிராசஸிங்கும் இலவசம். டச்டிசைனர் என்ற பெரிய மென்பொருளுக்கும், படத்தின் அளவில் ஒரு வரம்போடு, கற்றுக்கொள்ள இலவசப் பதிப்பு உண்டு. எட்டாம் வகுப்புப் படிக்கும் பிள்ளைகள் இரண்டு வாரத்தில் பிடித்துக்கொள்வார்கள்.

அடுத்த நான்கு ஞாயிறுகள், மாலை நான்கு மணிக்கு இந்த ஹாலில் நான் சொல்லித் தருகிறேன். முதல் ஞாயிறு கம்ப்யூட்டரே கிடையாது. ஒரு கண்ணாடித் தட்டு, கீழே எமர்ஜென்சி விளக்கு, மேலே ஸ்டாண்டில் ஒரு போன், கொஞ்சம் தண்ணீர், எண்ணெய், கேசரி கலர். ஒருவர் பாட, இன்னொருவர் தட்டை ஆட்ட வேண்டும். பாடுபவரைக் கேட்டு ஆட்டக் கற்றுக்கொண்டால், மீதி எல்லாம் வெறும் சாஃப்ட்வேர். இரண்டாவது ஞாயிறு மணல். அதன் பிறகு ஹைட்ரா, கடைசியில் கேமரா. விழா அன்று ஸ்லைடரில் கை வைக்கப் போவது நான் இல்லை, அந்தப் பிள்ளைகள். நான் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன்.

கடைசியாக ஒன்று. அந்தச் சிறுமியைப் போன மாதம் அவள் அம்மாவோடு வீட்டுக்கு வரச் சொன்னேன். சுவரில் புரொஜெக்டரைப் போட்டு, வெப்கேமராவை வைத்து, மழையைத் தயார் செய்திருந்தேன். கையை உயர்த்தினாள், மேகம் சேர்ந்தது. விரல்களை இறக்கினாள், தூறியது. பிறகு அவள் பாட்டுக்கே போகவில்லை. கையை அப்படியே பாதியில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். துளிகள் அந்தரத்தில் நின்றன. அரை நிமிடம் அப்படியே நின்று பார்த்துவிட்டுத்தான் கையை இறக்கினாள்.

இந்த ஆண்டு ஆடுவாளா என்று அவள் இன்னும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்க வேண்டாம் என்று உங்களையும் கேட்டுக்கொள்கிறேன். அவளாக வந்து பெயர் கொடுத்தால், மழை அவளுக்காகக் காத்திருக்கும்.



பேச்சுக்குப் பின் கேட்கப்பட்டவை

இதையெல்லாம் இப்போது ஏஐயே செய்துவிடாதா?

ஏஐயிடம் எழுதிக் கேட்டு வாங்கும் வீடியோ அழகாக இருக்கும். ஆனால் அதுவும் முன்பே முடிந்துபோன வீடியோதான். அதற்கும் நீளம் உண்டு, அதுவும் நிற்காது. அந்த நேரத்திலேயே வரையும் ஏஐயும் வந்துவிட்டது, விலை உயர்ந்த கிராஃபிக்ஸ் கார்டு வேண்டும். எது வந்தாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: பாடுபவர் நிறுத்தினால் இது நிற்குமா?

சினிமாப் பாட்டு ரெக்கார்டுக்கு ஆடும் குழந்தைகளுக்கும் இது வேண்டுமா?

தேவையில்லை. ரெக்கார்டு பாட்டின் நீளம் மாறாது. அதற்கு வீடியோ போதும். பாட்டும் வீடியோவும் ஒரே ஃபைலாக இருக்கட்டும். இரண்டு லேப்டாப்பில் இரண்டு பேர் "ஒன்று, இரண்டு, மூன்று" சொல்லி அழுத்துவது மட்டும் வேண்டாம்.

சத்தம் எத்தனை மணி வரை?

ஒலி விதிகளின்படி இரவு பத்து மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்திவிட வேண்டும். திரை மட்டும் ஓடலாம், மழை சத்தமில்லாமல் பெய்யட்டும்.

(பயிற்சியில் சேர விரும்பும் பிள்ளைகளின் பெயரையும் பிளாட் எண்ணையும் சங்க அலுவலகத்தில் கொடுக்கவும். லேப்டாப் கட்டாயமில்லை. பழைய கண்ணாடித் தட்டு இருந்தால் கொண்டுவரவும்.)